2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஓர் எல்லை. இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும் என்று முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். எண்கோட்பாடு படித்தவர்களுக்கோ இது ஆய்லர் நிறுவிய பகா எண். ஒரு தரப்புக்குத் தெரிந்தது இன்னொரு தரப்புக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டு பெயரும் ஒரே எண்ணுக்கு எப்படி வந்தன, அதில் எதற்குக் காரணம் உண்டு, எது தற்செயல் என்பதைச் சுற்றியே மாணவர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் அமைகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்திருந்தால் போதும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 2,14,74,83,647. அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மில்லியன், பில்லியன் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இரண்டு பில்லியனுக்குக் கொஞ்சம் மேல்.

பார்த்தால் ஏதோ தொலைபேசி எண் போல இருக்கிறது. இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?

பதின்ம முறையில் எழுதினால் ஒழுங்கு எதுவும் தெரியாது. இரும முறைக்கு மாற்றுங்கள். வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூட இல்லை. எட்டடிமான முறையில் எழுதினால் ஒரு 1, அதன் பின் பத்து 7. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண்: 2³¹ − 1.

2-இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்தால் வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த துறவி. ஐரோப்பாவின் கணிதர்கள் பலருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். இந்த வகை எண்களில் பகா எண்ணாக அமைபவை மிக அரிது. அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19 என வந்து, அடுத்ததாக 31. ஆகவே நம் எண் எட்டாவது மெர்சென் பகா எண்.

பகா எண் என்று முதலில் சொன்னது யார்?

சொன்னவர் ஒருவர், நிறுவியவர் இன்னொருவர். இத்தாலியின் போலோன்யா நகரத்துக் கணிதர் பியேத்ரோ கத்தால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்று சரியாகவே நிறுவினார். 750 வரையிலான பகா எண்களின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்ணைத் தரும் என்று 1603-இல் வெளியான நூலில் எழுதினார். இந்த நான்கில் மூன்று தவறு. 1640-இல் ஃபெர்மா 2²³ − 1 என்பது 47-ஆலும், 2³⁷ − 1 என்பது 223-ஆலும் வகுபடும் என்று காட்டினார். 2²⁹ − 1 என்பது 233-ஆல் வகுபடுவதை ஆய்லர் 1738-இல் கண்டார். மிஞ்சியது 31 மட்டும்.

1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67-உம் 257-உம் இருந்தன. அவை இரண்டும் தவறு. 61, 89, 107 ஆகியவை விடுபட்டுப் போயிருந்தன. எனவே அவர் சொன்னதையும் நிறுவலாகக் கொள்ள முடியாது.

கேள்வியைத் தீர்த்தவர் லியோனார்டு ஆய்லர். ஆண்டு 1772. அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவைத் தெரிவித்தார்.

கணினி இல்லாத காலத்தில், பார்வையும் இல்லாமல், இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதித்தார்?

இந்த எண்ணைப் பற்றிய கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் எண்ணுக்குக் காரணி உண்டென்றால், அவற்றில் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் கையால் வகுப்பது என்றால் மாதக்கணக்கான வேலை. ஆய்லர் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே விலக்கினார்.

முதல் படி: காரணியாக வரக்கூடிய பகா எண்ணை q என்று வழக்கமாகக் குறிப்பார்கள், நாம் "கா" என்று வைத்துக்கொள்வோம். கா என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐக் காவால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் காவால் வகுத்து வரும் மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மீதிகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். 31-ஆவது படியில் மீதி 1 வருவதால் சுற்றின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண். ஆகவே நீளம் 1 அல்லது 31. ஒன்றாக இருக்க வழியில்லை, எனவே 31. ஃபெர்மாவின் தேற்றப்படி கா − 1 படிகள் போனாலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆக, கா − 1 என்பது 31-இன் மடங்கு. கா ஒற்றைப்படை எண் என்பதால் கா − 1 இரட்டைப்படை, அதாவது 62-இன் மடங்கு.

இரண்டாம் படி: 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, காவால் வகுக்கும் கணக்கில் 2 என்பது ஒரு வர்க்க எண்ணின் மீதியாக வருகிறது. அப்படி வருவது, காவை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே நடக்கும்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், கா 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோ மட்டுமே இருக்க முடியும். 46340 வரை அப்படிப்பட்ட எண்கள், 63-ஐ விட்டுவிட்டால், மொத்தம் 372. அவற்றிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், அவை நூறுக்கும் குறைவு. தொடக்கத்தைப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இந்தப் பத்தில் 311, 1303 ஆகிய இரண்டு மட்டுமே பகா எண்கள். 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. இப்படியே கடைசி வரை போனால் எங்குமே மீதி பூச்சியமாகாது. முடிந்தது, இது பகா எண்.

ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் நூறுக்குள் சுருங்கியதற்குக் காரணம் மனக்கணக்கின் வேகம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆய்லரின் மனக்கணக்கு அபாரமானதுதான். ஆனால் இங்கே வேலையைக் குறைத்தது மேலே சொன்ன இரண்டு படிகள். பள்ளியில் 91 பகா எண்ணா என்று கேட்டு 7-ஆல் வகுக்கச் சொல்லும்போதே, "எந்த எண்களால் வகுக்கத் தேவையில்லை?" என்ற கேள்வியையும் கேட்டால் மாணவர்களுக்கு எவ்வளவு நல்லது என்று நினைப்பேன்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதாதா? 31 பகா எண், எனவே 2³¹ − 1-உம் பகா எண் என்று சொல்லிவிடலாமே?

சொல்ல முடியாது. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. மேலே பார்த்த விதி இங்கேயும் பொருந்துவதைக் கவனியுங்கள்: 23-உம் 89-உம் 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை.

மறுதலை உண்மை. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் நிச்சயம் பகு எண். இரும வடிவில் இது கண்ணுக்கே தெரியும். பதினைந்து ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111 111 111 111 111 என்று ஐந்து கட்டுகள் வரும். எனவே அது 111-ஆல், அதாவது 7-ஆல் வகுபடும். முப்பத்தொரு ஒன்றுகளை அப்படிச் சமமான கட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. அடுக்கு பகா எண்ணாக இருப்பது தேவையான நிபந்தனை மட்டுமே, போதுமான நிபந்தனை இல்லை.

கணினிக்கும் இந்த எண்ணுக்கும் என்ன தொடர்பு?

பிட் என்பது ஓர் இரும இலக்கத்துக்கான இடம். 32 பிட் இடத்தில் குறியுடன் கூடிய முழு எண்ணைச் சேமிக்கும்போது, மொத்தம் 2³² வெவ்வேறு மதிப்புகளுக்கு இடம் உண்டு. பாதி குறை எண்களுக்குப் போகிறது: −1 முதல் −2147483648 வரை. மீதிப் பாதியில் பூச்சியமும் சேர்ந்துகொள்வதால் நேர் எண்களுக்கான உச்சம் ஒன்று குறைந்து 2147483647-இல் நிற்கிறது. சி, ஜாவா போன்ற மொழிகளில் "இன்ட்" என்று அறிவிக்கும் மாறி இன்று பெரும்பாலும் இந்த அளவுதான்.

உச்சத்தில் இருக்கும்போது ஒன்றைக் கூட்டினால் ஜாவாவில் −2147483648 வரும். வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவது போலத்தான், ஆனால் திரும்பிப் போய் நிற்கும் இடம் பூச்சியம் இல்லை, குறை எண்களின் அடிமட்டம். சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். என்ன நடக்கும் என்று அந்த மொழியின் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை.

எல்லை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்குச் சில அளவுகள்: 12 தொடர்பெருக்கம், அதாவது 1 முதல் 12 வரையிலான எண்களின் பெருக்கம் (479001600), அடங்கும், 13 தொடர்பெருக்கம் அடங்காது. ஃபிபனாச்சித் தொடரில் 46-ஆவது உறுப்பு (1836311903) வரை அடங்கும். 46340-இன் வர்க்கம் அடங்கும், 46341-இன் வர்க்கம் வழிந்துவிடும்.

அப்படியானால் கணினி வடிவமைத்தவர்கள் பகா எண் என்பதால்தான் இதை எல்லையாக வைத்தார்களா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். எல்லை 2³¹ − 1 ஆனதற்குக் காரணம் 32 பிட்டும் அதில் ஒன்று குறிக்குப் போவதும் மட்டுமே. அது பகா எண்ணாக அமைந்ததில் வடிவமைப்பாளர்களின் நோக்கம் எதுவும் இல்லை.

மற்ற அளவுகளை ஒப்பிட்டால் இது புரியும். 8 பிட்டில் உச்சம் 127, பகா எண். 16 பிட்டில் 32767, இது 7 × 31 × 151. 32 பிட்டில் நம் எண், பகா. 64 பிட்டில் 9223372036854775807. இதன் காரணிகள் 7², 73, 127, 337, 92737, 649657. 128 பிட்டில் 2¹²⁷ − 1, மறுபடியும் பகா எண். 1876-இல் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை நிறுவினார்.

பகா, பகு, பகா, பகு, பகா என்று மாறி மாறி வருவதைப் பார்த்ததும் ஒரு விதி இருப்பது போலத் தோன்றும். பாதி விதி உண்டு. 16, 64, 256 பிட்டுகளில் குறியை விட்டால் மிஞ்சுவது 15, 63, 255. மூன்றும் 3-இன் மடங்குகள், ஆகவே அந்த உச்சங்கள் 7-ஆல் வகுபட்டே தீரும். மறுபாதியில் உறுதி இல்லை. 512 பிட்டில் மிஞ்சும் 511 என்பது 7 × 73, அங்கே ஒழுங்கு உடைந்துவிடுகிறது.

2038-ஆம் ஆண்டுச் சிக்கல் என்பது இதுதானா?

ஆம். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையைக் குறியுள்ள 32 பிட்டில் வைத்திருந்தால், 2147483647 நொடிகளோடு இடம் தீர்ந்துவிடும். அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. உலகப் பொது நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 8:44:07, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முற்பகல் 11:14:07. அடுத்த நொடியில் அந்தக் கடிகாரம் 1901 டிசம்பர் 13 என்று காட்டும்.

புதிய கணினிகளில் நேரம் 64 பிட்டுக்கு மாறிவிட்டது. அது சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குப் போதும். 32 பிட் சாதனங்களுக்கும் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 கருநிரலில் வழி செய்யப்பட்டது. கவலை இருப்பது பழைய கருவிகளுக்குள் ஒருமுறை ஏற்றிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத நிரல்களைப் பற்றித்தான். அதோடு, சிக்கல் 2038 வரை காத்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இருபது, முப்பது ஆண்டுத் தவணையின் முடிவுத் தேதியைக் கணக்கிடும் நிரல் இன்றே அந்த நாளைத் தாண்டிப் போகிறது.

யூடியூப் இந்த எண்ணால் முடங்கிப் போனதாமே?

முடங்கவில்லை. தென்கொரியாவின் "கங்னம் ஸ்டைல்" பாடல் காணொளியை இந்த எண்ணைவிட அதிகமான முறை பார்த்துவிட்டார்கள் என்று 2014 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. ஆனால் பொறியாளர்கள் அது வரப்போவதை முன்கூட்டியே கவனித்து எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். நல்ல பராமரிப்புக்கு உதாரணமாகச் சொல்ல வேண்டிய நிகழ்ச்சியை விபத்தாகச் சொல்லிப் பரப்பிவிட்டார்கள்.

உண்மையிலேயே அச்சம் தந்தது விமானத்தில் நடந்தது. போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் தாமாகவே பாதுகாப்பு நிலைக்குப் போய், விமானம் மின்சாரம் இழக்க நேரலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்து, இடையிடையே அணைத்துப் போடும்படி உத்தரவிட்டது. நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து எண்ணினால் 2³¹ வருவதற்கு 248 நாளும் அரை நாளும் ஆகும். ஆய்லரின் கணக்கில் வந்த 248-க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது 8 × 31.

எங்கள் தரவுத்தளத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் கைபேசி எண் 2147483647 என்று இருக்கிறது. ஏன்?

அட்டவணையில் அந்தப் பத்தி (நெடுவரிசை) "இன்ட்" வகையாக அறிவிக்கப்பட்டிருக்கும். இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம், 6, 7, 8 அல்லது 9-இல் தொடங்குபவை. எனவே மிகச் சிறிய எண்கூட 600 கோடியைத் தொடும், எல்லையோ 214 கோடி. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் கண்டிப்பு முறையில் இல்லாதபோது, அடங்காத எண்ணை மறுக்காமல் உச்ச மதிப்பாக வெட்டிச் சேமித்துவிடும். ஆயிரம் பேர் பதிவு செய்தாலும் ஆயிரம் பேருக்கும் ஒரே எண்.

குறியில்லாத வகைக்கு மாற்றுவதும் உதவாது, அதன் உச்சம் 4294967295 மட்டுமே. இலங்கை எண்கள் முன்னால் உள்ள 0 போனால் ஒன்பது இலக்கம் என்பதால் எல்லைக்குள் அடங்கும், ஆனால் அந்த 0 காணாமல் போகும். தொலைபேசி எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அதை எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்டு விழுந்த எண்களை அந்தப் பத்தியிலிருந்து மீட்க வழியில்லை. படிவங்களிலோ பதிவுக் கோப்புகளிலோ மூலப்பதிவு இருந்தால்தான் உண்டு.

கணிதப் பண்புகள் வேறு என்னென்ன?

வரிசையில் இது 105097565-ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் இல்லை. இரண்டு குறைத்தால் 5-இல் முடிகிறது, இரண்டு கூட்டினால் வருவது 3 × 715827883.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியாது, மூன்று வர்க்கங்களாலும் முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்களுக்கெல்லாம் இந்தக் கதிதான். நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை லக்ராஞ்சு 1770-இல் எல்லா எண்களுக்கும் நிறுவியிருக்கிறார்.

ஒன்று குறைந்த 2147483646-ஐக் காரணிப்படுத்தினால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இப்படிச் சிறு காரணிகளாக உடைவது பின்னால் பயன்படும்.

நிறைவு எண்ணுக்கும் இதற்கும் உள்ள உறவு என்ன?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாக வந்தால் அது நிறைவு எண், செவ்விய எண் என்றும் சொல்வார்கள். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒரு மெர்சென் பகா எண் கிடைத்தால் கூடவே ஒரு நிறைவு எண்ணும் கிடைக்கும் என்பது யூக்ளிடு காலத்திலேயே தெரியும். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. அது எட்டாவது நிறைவு எண்.

சரிபார்க்க மூன்று வரி போதும். நம் எண்ணை "ப" என்போம். நிறைவு எண்ணின் வகுத்திகள் 1, 2, 4 என்று 2³⁰ வரை. அவற்றோடு, அவை ஒவ்வொன்றையும் பவால் பெருக்கியவையும் வகுத்திகள். முதல் கூட்டத்தின் கூடுதல் 2³¹ − 1, அதாவது ப. இரண்டாம் கூட்டத்தில் கடைசி உறுப்பு நிறைவு எண்ணே என்பதால் அதை விட்டால் ப × (2³⁰ − 1). இரண்டையும் கூட்டினால் ப × 2³⁰.

இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் வெளியிட்ட எண்கோட்பாட்டு நூலில் இந்த நிறைவு எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியது இனி கண்டுபிடிக்கப்படப் போவதில்லை என்று எழுதினார். இவை விந்தைக்கு உரியவையே தவிரப் பயன் இல்லாதவை, எனவே மேற்கொண்டு தேட யாரும் மெனக்கெடமாட்டார்கள் என்பது அவர் வாதம். 1883-இல் ரஷ்யக் கிராமம் ஒன்றின் பாதிரியார் இவான் பெர்வூஷின் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டினார், அதோடு ஒன்பதாவது நிறைவு எண் வந்தது. இன்று 52 தெரியும்.

பகா எண்களில் மிகப் பெரியது என்ற பட்டம் இதற்கு எவ்வளவு காலம் இருந்தது?

1772 முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. இப்போது அந்த இடத்தில் இருப்பதும் ஒரு மெர்சென் எண்தான்: 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டறிந்தார். இலக்கங்கள் நான்கு கோடிக்கு மேல்.

இன்று இதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆய்லரின் வழிதானா?

வெறும் வகுத்தலையே கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஆனால் லூக்கா தொடங்கி லேமர் செம்மைப்படுத்திய சோதனை இன்னும் அழகு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இப்படிச் செய்த பிறகு பூச்சியம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். 2⁵ − 1 = 31-க்குச் செய்து பாருங்கள்: 4, 14, பிறகு 194-இன் மீதி 8, பிறகு 62-இன் மீதி 0. மூன்று படியில் முடிந்தது. நம் எண்ணுக்கு 29 படிகள். எண் பெரிதாக ஆக, எதிராளியான வகுத்தல் முறை வேலையின் மலையில் புதைந்துபோகும், இதுவோ தாக்குப்பிடிக்கும். நான்கு கோடி இலக்க எண்ணையும் கடைசியில் உறுதிசெய்தது இந்தச் சோதனைதான்.

இந்த எண்ணையே அடுக்காக வைத்தால்?

3, 7, 31, 127 என்பவை மெர்சென் பகா எண்கள். அவற்றையே அடுக்காக வைத்தால் 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 என்று நான்கும் பகா எண்களாகவே வருகின்றன. நம் எண் இந்த வரிசையில் மூன்றாவது. அடுத்த மெர்சென் பகா எண்ணான 8191-இல் இந்த வரிசை அறுந்துவிடுகிறது. 2147483647-ஐ அடுக்காக வைத்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். அதுவும் பகா எண் இல்லை. 295257526626031 அதை வகுக்கும். இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2 × 68745 × 2147483647 என்று வரும். ஆய்லர் பயன்படுத்திய முதல் படி இங்கேயும் அப்படியே நிற்கிறது.

பகா எண்ணாக இருப்பதால் நிரலாளருக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, குலுக்கல் எண்களில். 1 முதல் 2147483646 வரை ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அதையே மறுபடி செய்யுங்கள். வகுக்கும் எண் பகா எண் என்பதால் மீதி ஒருபோதும் பூச்சியமாகாது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. அதைப் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம், அது 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் ஒரு முறை தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்புகிறதா என்று சோதிக்கத்தான் 2147483646-இன் காரணிகள் தேவைப்பட்டன.

1960-களில் ஐபிஎம் கணினிகளில் பயன்பட்ட ராண்டு என்ற முறை பக்கத்து எண்ணான 2³¹-ஐ எடுத்து 65539-ஆல் பெருக்கியது. மும்மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் 15 தளங்களில் அடங்கிவிடும் அளவுக்கு அது மோசமாக இருந்தது. குற்றம் முழுவதும் 2³¹ மேல் இல்லை, பெருக்கும் எண்ணும் தவறான தேர்வு. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் 16807-உம் 2147483647-உம் சேர்ந்த முறையைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் அது இருக்கிறது.

கடவுச்சொல், வங்கிச் சாவி போன்றவற்றுக்கு இதை எடுக்காதீர்கள், ஒரு மதிப்பு தெரிந்தால் அடுத்ததெல்லாம் தெரிந்துவிடும். விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் போதுமானது. நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால் 64 பிட் மாறியில் பெருக்குங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன வழிதல் இங்கேயே நடந்துவிடும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பத்தாயிரமாவது முறை 1043618065 வந்தால் உங்கள் நிரல் சரி.